பதக்கத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடவுளுக்குரிய நாள் என்று ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்தார், பிறகு 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதோடு முற்றுப்புள்ளி. சீனாவின் தியான்ஜினில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, அதே ஊருக்கு ஆசிரியராகத் திரும்பியவரின் குடும்பத்தைப் போர் என்ன பாடுபடுத்தியது என்பதை யாரும் எழுதுவதில்லை.

1941இல் கர்ப்பிணி மனைவி ஃபுளோரன்ஸையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு அவர் சீனாவிலேயே தங்கினார். கனடாவில் பிறந்த மூன்றாவது மகளின் முகத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை. 1943இல், சீனாவின் அப்பகுதியைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர் அவரை வெளிநாட்டவருக்கான வெய்ஷியன் தடுப்பு முகாமில் அடைத்தனர். அதுவும் பழைய மிஷன் வளாகம்தான்! சீஃபூ மிஷன் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பலருடைய பெற்றோர் எங்கோ உள்நாட்டில் ஊழியத்தில் இருந்தார்கள். எலும்பு தேறட்டும் என்று முகாமிலிருந்த பெரியவர்கள் முட்டையோட்டைப் பொடித்துக் கரண்டியால் அந்தப் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். லிடல் அவர்களுக்கு ‘எரிக் மாமா’ ஆனார். பாடம் சொல்லித் தந்தார், விளையாட்டுகள் நடத்தினார். 1945 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் இறந்தார். முகாமுக்கு விடுதலை வந்தது ஆகஸ்டில்.

தியாகம் என்று பாராட்டிவிட்டு நகர எனக்கு மனமில்லை. இறை அழைப்பு வந்தது அப்பாவுக்கு. விலை கொடுத்ததில் கைக்குழந்தையும் சேர்த்தி. நர்ஸ் வேலைக்குத் திரும்பி மூன்று மகள்களையும் ஆளாக்கிய ஃபுளோரன்ஸுக்கு, விளையாட்டுப் பக்கத்தில் லிடல் அடுத்த முறை வரும்போதாவது நான்கு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி