அச்சுகளின் சதவீதக் கணக்கு தப்பாக வருகிறது: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: புதிய பதிப்பின் கரஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸில் தவறான சதவீதமும் இழுபட்ட வரைபடமும்

வணக்கம்.

உங்கள் புள்ளியியல் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்துகிறேன். கருத்துக்கணிப்புத் தரவுதான் எனக்குப் பிழைப்பு. எந்த வேலை செய்பவர் மளிகையை எங்கே வாங்குகிறார் என்பது போன்ற விவரங்களைக் குறுக்கு அட்டவணையாகப் போட்டு, கரஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸ் (அட்டவணையின் வரிசைகளையும் நெடுவரிசைகளையும் புள்ளிகளாக்கி, எது எதோடு சேர்கிறது என்று சில அச்சுகளில் காட்டும் முறை) ஓட்டி, வரைபடத்தோடு அறிக்கை கொடுப்பேன். புதிய பதிப்பு வந்ததிலிருந்து அந்த அறிக்கையில் ஒவ்வொரு அச்சின் பங்கைக் காட்டும் சதவீதம் தப்பாக வருகிறது. ஏற்கெனவே உங்கள் தளத்தில் டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டும் உருப்படியான பதில் வராததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் வாடிக்கையாளரின் தரவை வெளியே தர முடியாது என்பதால், இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு அட்டவணையில் சோதித்தேன். ஸ்காட்லாந்தின் கேத்னஸ் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளின் கண் நிறமும் முடி நிறமும், 1940-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் எடுத்தாண்டது. மொத்தம் 5,387 பிள்ளைகள், கண்ணுக்கு 4 வகை, முடிக்கு 5 வகை. உங்களிடமும் கட்டாயம் இருக்கும், ஓட்டிப் பாருங்கள்.

கை-ஸ்கொயர், அதாவது இரண்டு நிறங்களுக்கும் தொடர்பே இல்லாத நிலையிலிருந்து அட்டவணை எவ்வளவு விலகுகிறது என்ற அளவு, 1,240 என்று வருகிறது. சரி. அதை 5,387-ஆல் வகுத்தால் மொத்த இனர்ஷியா (அச்சுகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும் மொத்த விலகல்) 0.230, அதுவும் சரி. மூன்று அச்சுகளுக்கும் 0.199, 0.030, 0.001 என்று பிரித்துக் காட்டுவதிலும் குறையில்லை. அப்படியென்றால் முதல் அச்சின் பங்கு, தசமங்களை முழுதாக வைத்து வகுத்தால், 86.6 சதவீதம். பழைய பதிப்பு அதைத்தான் காட்டியது. புதியதிலோ பக்கத்துக் கட்டத்திலேயே 68.8 என்று இருக்கிறது! இரண்டாவது அச்சுக்கு 13.1 வரவேண்டிய இடத்தில் 26.7.

இது எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்துவிட்டேன். சிங்குலர் வேல்யூக்கள், அதாவது ஒவ்வொரு அச்சுக்கும் நிரல் முதலில் கணக்கிடும் எண்கள், 0.446, 0.173, 0.029. இவற்றை வர்க்கப்படுத்தினால்தான் இனர்ஷியா. உங்கள் நிரல் வர்க்கப்படுத்தாமல் அப்படியே கூட்டிப் பங்கு பிரிக்கிறது. ஒரு வரி திருத்தம், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஒரு வரியால் எனக்கு வந்த வினை கொஞ்சமல்ல. ஒரே கேள்வித்தாளை வருடா வருடம் ஓட்டும் வாடிக்கையாளர், போன வருட அறிக்கையையும் இந்த வருடத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முதல் அச்சு ஏன் இப்படிச் சரிந்தது, ஜனங்கள் மாறிவிட்டார்களா என்று கேட்கிறார். ஜனங்கள் மாறவில்லை, மென்பொருள்தான் மாறியது என்று விளக்கி நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்தது வரைபடம். கிடை அச்சும் நெடு அச்சும் ஒரே அளவுகோலில் இல்லாவிட்டால் புள்ளிகளின் தூரத்துக்கு அர்த்தமே கிடையாது. நீங்களோ படம் சதுரமாக அழகாகத் தெரிய வேண்டும் என்று நெடு அச்சை ஏறக்குறைய மூன்று மடங்கு இழுத்திருக்கிறீர்கள். கேத்னஸ் அட்டவணையில் நீலக் கண்ணும் வெளிர் கண்ணும் கிட்டத்தட்ட ஒட்டி இருக்க வேண்டியவை, உங்கள் படத்தில் சம்பந்தமே இல்லாதவை போலத் தள்ளி நிற்கின்றன. அளவுகோலைச் சமமாக்கும் வசதி முன்பு மெனுவில் இருந்தது, இப்போது காணோம்.

இதையெல்லாம் விளக்கி எழுதிய டிக்கெட்டுக்கு வந்த பதில்: "அச்சு இடம் வலமாக மாறி வருவது இயல்பே, கவலை வேண்டாம். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்." அச்சு திரும்புவது பிழையல்ல என்று எனக்கும் தெரியும், அதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. படித்துப் பார்க்காமலே பதில் போட்டால் இப்படித்தான். அப்புறம் டிக்கெட்டையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள்.

எனவே சதவீதக் கணக்கைத் திருத்தி, சம அளவுகோலைப் பழையபடி இயல்புநிலையாக வையுங்கள். அதுவரை பழைய பதிப்பை இறக்கிக்கொள்ள இணைப்பு வேண்டும், இப்போது அதையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். முக்கியமாக, இந்தப் பதிப்பில் கரஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸ் ஓட்டிய எல்லோருக்கும் பிழையைத் தெரிவித்து மின்னஞ்சல் அனுப்புங்கள். சந்தேகம் வந்து கையால் வகுத்துப் பார்க்காதவர்கள் 68.8-ஐ அப்படியே ஆய்வேட்டில் ஏற்றியிருப்பார்கள். இரண்டு வாரத்துக்குள் இதில் எதுவும் நடக்காவிட்டால் மீதிச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். ஓட்டிய அட்டவணையும் இரண்டு பதிப்புகளின் வெளியீடும் இத்துடன் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்