தீர்ப்பு வந்தும் அரசிதழில் வராத ஆறு ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சட்டமன்றம் இயற்றியதை நீதிபதிகள் எப்படிச் செல்லாது என்று சொல்லலாம்?' என்று சென்ற இதழில் தஞ்சை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். டெல்டாவிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் வியப்பு. 1991-இல் நமக்குக் கிடைத்த தண்ணீர் உத்தரவைக் காப்பாற்றியதே அப்படியொரு 'செல்லாது'தான்.

ஆண்டுக்கு 205 டி.எம்.சி. மேட்டூருக்கு வந்து சேர வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் அவ்வாண்டு ஜூன் 25 அன்று இடைக்கால உத்தரவிட்டது. ஜூலை 25 அன்று கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எந்த மன்றம் என்ன சொல்லியிருந்தாலும் தன் பாசனத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். குடியரசுத் தலைவர் அரசமைப்பின் 143-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். நவம்பர் 22 அன்று பதில் வந்தது: ஒரு மாநிலம் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது, நடுவர் மன்ற முடிவைச் சட்டம் போட்டுக் கவிழ்ப்பது நீதித்துறையின் வேலையைப் பறிப்பது, ஆகவே சட்டம் செல்லாது.

அதற்காகச் சட்டமன்றத்தின் கை முழுக்கக் கட்டப்பட்டுவிடவில்லை. தீர்ப்பு எந்தச் சட்டத்தின் மேல் நிற்கிறதோ அந்தச் சட்டத்தை மாற்றலாம். சட்டத்தைத் தொடாமல் தீர்ப்பை மட்டும் புரட்ட முடியாது. ஜல்லிக்கட்டுக்கு 2014-இல் தடை வந்தது மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி. தமிழ்நாடு 2017-இல் அந்தச் சட்டத்தையே மாநில அளவில் திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. முல்லைப் பெரியாற்றில் நடந்தது வேறு. 142 அடி தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல, 136 அடிதான் என்று அடுத்த மாதமே கேரளம் சட்டத்தில் எழுதிக்கொண்டது. அணையின் பலம் பற்றி நீதிமன்றம் ஆராய்ந்து முடிவு செய்ததை அவையில் ஓட்டெடுத்து மாற்ற முடியாது. 2014 மே 7 அன்று அந்தச் சட்டம் விழுந்தது.

வாசகர் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அது நிர்வாகத் துறையின் மௌனம். காவிரிக்கு நடுவர் மன்றம் வேண்டும் என்று தமிழ்நாடு கேட்டது 1986-இல். உச்ச நீதிமன்றம் ஒரு மாதக் கெடு விதித்த பிறகுதான் 1990 ஜூன் 2 அன்று மன்றம் அமைந்தது. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5-இல் வந்தது. 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களிடை நதிநீர்ச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி மத்திய அரசு அரசிதழில் வெளியிட்டால்தான் அது கட்டுப்படுத்தும். எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. மேல்முறையீடுகள் நிலுவையில் இருந்ததைக் காரணம் காட்டினார்கள். பொய்யில்லை, ஆனால் ஆறு ஆண்டுக்கு அது போதுமா? உச்ச நீதிமன்றம் மீண்டும் கெடு வைத்த பிறகே 2013 பிப்ரவரி 19 அன்று அரசிதழில் வந்தது. அந்த மேல்முறையீடுகளில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தந்த தீர்ப்பிலும் இதே கதை. தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் செயல்திட்டம் தீட்டுவது 6ஏ பிரிவின்படி மத்திய அரசின் வேலை என்பதால் நீதிமன்றம் தானே தீட்டாமல் ஆறு வாரம் கொடுத்தது. வாரங்கள் முடிந்தபின் கர்நாடகத் தேர்தலைக் காட்டி மேலும் மூன்று மாதம் கேட்டார்கள். அந்தத் திட்டப்படி காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது ஜூன் 1 அன்று.

உத்தரவு ஒன்று இருந்தால் அதை எதிர்த்து வழக்காடலாம். ஒன்றுமே செய்யாமல் இருப்பதை எதிர்க்க, தாமதம் அளவு மீறியது என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கே பருவங்கள் கழிந்துவிடும். 2018 தீர்ப்பின் அட்டவணைப்படி, மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஜூலையில் தர வேண்டிய 31.24 டி.எம்.சி. அக்டோபரில் வந்தால் 177.25 என்ற ஆண்டுக் கணக்கு சரியாகிவிடும். குறுவை வயலுக்கு அதனால் ஒன்றுமில்லை.

நீதிமன்றமே கெடு எழுதட்டும் என்றும் இனி இருக்க முடியாது. சட்டமன்றம் அனுப்பும் மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தரும் விவகாரத்தில் 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு நாள் குறித்தது. அரசமைப்பில் இல்லாத கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது என்று நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது. எனக்கு அதில் மனநிறைவு இல்லை. ஆனால் நதிநீர்ச் சட்டம் அரசமைப்பு அல்ல, நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையே அதைத் திருத்தப் போதும்.

அரசிதழ் வெளியீடே தேவையில்லை என்ற திருத்த மசோதாவை மக்களவை 2019 ஜூலையில் நிறைவேற்றியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் அது காலாவதியானது. நிரந்தரத் தீர்ப்பாயம் முதலான அதன் மற்ற பகுதிகளில் எனக்கு உடன்பாடில்லை. தஞ்சை, நாகை, மயிலாடுதுறை, திருச்சி எம்.பி.க்கள் இரண்டு திருத்தங்களை மட்டும் தனிநபர் மசோதாவாக (அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா) கொடுக்கலாம்: 6-ஆம் பிரிவில் தீர்ப்பு வந்து 60 நாளில் வெளியீடு, தவறினால் தானாகவே அமல், 6ஏ பிரிவில் செயல்திட்டத்துக்கு 90 நாள். தனிநபர் மசோதா நிறைவேறுவது அரிது, தெரியும். ஆனாலும் அரசு தன் காரணத்தை அவைக்குறிப்பில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
கும்பகோணம்