நீ முதல் பெண் இல்லை, கண்ணே

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதிலேயே நிற்கிறது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், வரும் திங்கட்கிழமை சுரங்கத்துக்குள் இறங்குகிறேன் என்றாய். "தாத்தா, சின்னத் தாத்தா, மாமா என்று எல்லாரும் கரி வெட்டிய குடும்பம் நம்முடையது. அதிலிருந்து சுரங்க வேலைக்குப் போகும் முதல் பெண் நான்தான் அம்மா" என்றாய். உன் குரலில் இருந்த பூரிப்பைக் கேட்டு நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் நெஞ்சு உறுத்தியது. நான் ஆமாம் சொல்லியிருக்கக் கூடாது.

உன் பாட்டி சுரங்க வேலை செய்தவள். முப்பத்திரண்டு ஆண்டுகள் செய்தாள். அவள் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு நிலையில் ஓர் ஆணி இருந்தது. அதில்தான் தாத்தாவின் பித்தளை டோக்கன் தொங்கும். போகும்போது அதை விளக்கு அறையில் கொடுத்தால் தலைவிளக்கு தருவார்கள். மேலே வந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். விளக்கு அறைக் கொக்கியில் யாருடைய டோக்கன் தொங்குகிறதோ அவர் இன்னும் பூமிக்குள் இருக்கிறார் என்று கணக்கு. இதெல்லாம் உனக்குப் பாடமாகவே வந்திருக்கும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பித்தளையில் பொறித்திருந்த 417 என்ற எண்ணை இருட்டிலும் விரலால் தடவிச் சொல்லிவிடுவாள். தாத்தா வந்து குளித்து உறங்கிய பிறகு, வாசல் கதவைச் சாத்தும் முன் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்ப்பாள். டோக்கன் ஆணியில் இருந்தால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடியும்.

ஆனால் முடிந்த நாட்கள் குறைவு. தாத்தாவுக்கு ஒரு ஷிப்ட், சித்தப்பாவுக்கு இன்னொரு ஷிப்ட், அண்ணன் வேலைக்குச் சேர்ந்ததும் அவனுக்கு மூன்றாவது. விடியலுக்கு முன் ஒருவர் கிளம்புவார், பிற்பகலில் ஒருவர், இரவில் ஒருவர். மூன்று வேளை வெந்நீர், மூன்று வேளை சமையல், அதிலும் பகலில் ஒருவர் தூங்கும்போது குழந்தைகளின் வாயைப் பொத்த வேண்டும். வாரம் மாறினால் ஷிப்டும் மாறும், அவளுடைய நேரம் முழுவதும் தலைகீழாகும். ஆண்கள் ஆளுக்கு எட்டு மணி நேரம் உழைத்தார்கள். அந்த மூன்று எட்டு மணி நேரத்துக்கும் பின்னால் நின்றவள் ஒருத்திதான். அவள் ஓர் இரவு முழுதாகத் தூங்கி நான் பார்த்ததில்லை.

துணி துவைப்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நானும் கூட நின்றிருக்கிறேன். சுரங்கத் துணியை மற்றத் துணியோடு சேர்க்க முடியாது. முதலில் கொல்லையில் காற்று வாக்கில் நின்று உதற வேண்டும். பாட்டி உதறும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொல்வாள். அவள் மட்டும் அந்தப் புழுதிக்குள் நிற்பாள். தாத்தா கீழே சுவாசித்த அதே தூளைத்தான் அவள் மேலே நின்று சுவாசித்தாள். முதல் தண்ணீர் மையாக ஓடும், இரண்டாவது சாம்பல் நிறம், நான்காவது அலசலில்தான் துணியின் நிறம் தெரியும். அப்போதும் தையல் மடிப்புக்குள் கரி மணல்போல் நறநறவென்று நிற்கும். அதை நகத்தால் சுரண்டி எடுப்பாள். அவள் இறந்த அன்று கைகளைச் சேர்த்துக் கட்டும்போது பார்த்தேன்: உள்ளங்கை ரேகை ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு. வாழ்நாளில் ஒரு நாள்கூடக் கூண்டில் ஏறிக் கீழே இறங்காதவளின் கை அது.

உன் வேலை உத்தரவு வந்ததிலிருந்து நான் இதைப் பற்றியே தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். எந்த நாட்டில் நிலக்கரி தோண்டினாலும் வீட்டுக் கதை ஒன்றாகத்தான் இருக்கிறது. வேல்ஸ் நாட்டில் எலிசபெத் ஆண்ட்ரூஸ் என்று ஒரு பெண்மணி. சுரங்கத் தொழிலாளியின் மகள், சுரங்கத் தொழிலாளியின் மனைவி. 1919-இல் பிரிட்டனில் சுரங்கத் தொழிலை விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்தபோது, வேறு இரண்டு தொழிலாளிகளின் மனைவிமாரோடு லண்டனுக்குப் போய்ச் சாட்சி சொன்னார். அவர் கேட்டது சுரங்க வாயிலில் குளியலறை. ஆண்கள் கரியோடு வீட்டுக்கு வருவதால் பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் சுமந்து கொதிக்கவைக்கிறார்கள், பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்கிக் கர்ப்பம் கலைகிறது, கொதிநீரில் விழுந்து குழந்தைகள் வெந்துபோகின்றன என்று எடுத்துச் சொன்னார். 1926-இல் வந்த சட்டம் சுரங்கக் குளியலறைகளுக்கென்று நிதி திரட்ட வழி செய்தது. சம்பள உயர்வுக்கு இணையான வெற்றி அது என்றே நான் நினைக்கிறேன். எங்கள் சுரங்கத்தில் குளியலறை கட்டிய ஆண்டு பாட்டி கொல்லை அடுப்பை இடித்துவிட்டு அந்த இடத்தில் செடி வைத்தாள்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் பூமிக்கு மேலே மட்டும் உழைத்தார்கள் என்பதும் சரியில்லை. 1842-இல் பிரிட்டனில் வந்த விசாரணை அறிக்கையில் பேஷன்ஸ் கெர்ஷா என்ற பதினேழு வயதுப் பெண்ணின் வாக்குமூலம் இருக்கிறது. கரி வண்டியைத் தலையால் முட்டித் தள்ளித் தள்ளி உச்சந்தலையில் முடி கொட்டி வழுக்கை விழுந்திருந்தது அவளுக்கு. அதே ஆண்டில் சட்டம் கொண்டுவந்து பெண்கள் எல்லாரையும் சுரங்கத்துக்குள்ளிருந்து வெளியேற்றினார்கள். சிறு குழந்தைகளையும் பெண்களையும் அந்த நரகத்திலிருந்து மீட்டது நல்லதுதான். ஆனால் வேலை போனவர்களுக்கு மாற்று வழி எதுவும் செய்யவில்லை. ஆண் உடை போட்டுக்கொண்டு திரும்பவும் இறங்கிய பெண்கள் உண்டு. எவ்வளவு பசி இருந்தால் அந்த இருட்டுக்குள் மறுபடி போகத் தோன்றும் என்று யோசித்துப் பார்.

ஜப்பானில் சிகுஹோ என்ற வட்டாரத்தில் கணவன் கரி வெட்ட, மனைவி அதைக் கூடையிலும் சறுக்குப் பெட்டியிலும் இழுத்து வருவாள். யமமோட்டோ சகுபெய் என்ற தொழிலாளி தான் கண்டதையெல்லாம் முதுமையில் ஓவியமாகத் தீட்டி வைத்தார். அவை 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. நம் நாட்டிலும் ஜரியாவிலும் ராணிகஞ்சிலும் அப்படித்தான். வெட்டுபவன் ஆண், சுமப்பவள் அவன் மனைவி. 1929-இல் விதி போட்டு, பத்தாண்டுகளில் படிப்படியாகப் பெண்களை மேலே அனுப்பினார்கள். போருக்குக் கரி போதாமல் போனதும் 1943-இல் தடையை நீக்கிக் கீழே கூப்பிட்டார்கள். 1946-இல் மறுபடியும் வெளியே. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் அந்தத் தடையை உறுதியாக்கியது. 2019-இல்தான் வாசல் திறந்தது. அதுவும் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் சார்ந்த பணிகளுக்கு, பெண்ணின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு. நீ கையெழுத்துப் போட்ட அந்தத் தாளுக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகள் இருக்கின்றன. முன்பு அவளை இறக்கியபோதும் ஏற்றியபோதும் அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். எனக்குப் பதினொரு வயது இருக்கும். நடுப்பகலில் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும் நேரமில்லை. ஓலம்போல் நிற்காமல் ஊதியது. பாட்டி மாவு படிந்த கையோடு எழுந்தாள், ஆணியைப் பார்த்தாள். டோக்கன் இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வாயிலில் எங்களுக்கு முன்பே பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தியின் இடுப்பில் ஈரம் சொட்டச் சொட்டக் குழந்தை, குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்துவிட்டாள். வாயில் கதவு பூட்டியிருந்தது. உள்ளே போவோர் வருவோர் யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன நடந்தது, எந்தப் பகுதியில், எத்தனை பேர், ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. அப்படியே பொழுது சாய்ந்தது.

கூரை சரிந்து இரண்டு பேர் போய்விட்டார்கள். தாத்தா பிழைத்து வந்தார். வரிசையாக வந்த ஆட்களில் எல்லா முகமும் ஒரே கறுப்பு. பாட்டிக்கு யார் என்று தெரியவில்லை. இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் நடையைப் பார்த்துத்தான் கண்டுகொண்டாள். அவரிடம் ஓடவில்லை. "நீ அப்பாவோடு போ" என்று என்னை அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவின் அருகில் போய் நின்றுகொண்டாள். அந்த அக்காவின் வீட்டுக்காரர் வரிசையில் வரவில்லை. பிறகு அந்த அக்காவிடம் தாள்களில் கைநாட்டு வாங்கினார்கள். இழப்பீட்டுப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. வேலை செய்தவனுக்குத்தானே வீடு. அவர் இரண்டு பிள்ளைகளோடு வண்டி ஏறிய அன்று குடியிருப்புப் பெண்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்றார்கள். அடுத்து நாமாக இருக்கலாம் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

1906-இல் பிரான்சில் கூரியேர் சுரங்கத்தில் வெடித்தபோது 1,099 பேர் இறந்தார்கள். இனி யாரும் இல்லை என்று எண்ணிய பிறகு, 20-ஆம் நாள் பதின்மூன்று பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். எல்லாரும் அதை அதிசயமாகச் சொல்கிறார்கள். எனக்கு மற்றப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு, என் ஆளும் வருவான் என்று திரும்பவும் வாயிலுக்கு ஓடியிருப்பார்கள் அல்லவா? 1975 டிசம்பர் 27 அன்று நம் நாட்டில் சாஸ்நாலாவில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 375 பேர் மாண்டார்கள். நீரை இறைத்து உடல்களை எடுக்கவே வாரக்கணக்கில் ஆனது. அத்தனை நாளும் அந்த வீடுகளில் எப்படிப் பொழுது போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு மூச்சு அடைக்கிறது.

தாத்தாவின் கடைசி ஐந்தாண்டுகள் உனக்கே நினைவிருக்கும். கரித்தூள் நுரையீரலில் இறுகிப் படுக்க முடியாமல், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இரவைக் கழித்தார். பாட்டி அவர் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அதுவும் சுரங்க வேலைதான். சுரங்கம் அவரை அனுப்பிய பிறகும் அவளை விடவில்லை.

நீ போகக் கூடாது என்று சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. போக வேண்டும். நீ அதிகாரியாகப் போகிறாய், உன் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கும். அதனால் சிலவற்றைக் கேட்கிறேன். பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் கீழேயும் மேலேயும் இருக்கின்றனவா என்று முதல் நாளே பார். இல்லையென்றால் கூச்சப்படாமல் எழுதிக் கொடு. எலிசபெத் ஆண்ட்ரூஸ் கூச்சப்பட்டிருந்தால் குளியலறை வந்திருக்காது. கூரைத் தாங்கலில் சந்தேகம் தோன்றினால் உற்பத்திக் கணக்கைப் பார்க்காமல் வேலையை நிறுத்து. பிறகு, இதுதான் எனக்கு முக்கியம்: ஒரு நாள் அகாலத்தில் சங்கு ஊதும்படி ஆகிவிட்டால், வாயிலுக்கு ஓர் ஆளை அனுப்பு. நல்ல சேதி இல்லாவிட்டாலும், இன்னும் தெரியவில்லை என்பதையாவது அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் போகட்டும்.

நீ ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்பு. வந்துவிட்டேன் என்ற ஒரு சொல் போதும். தாமதமானாலும் பரவாயில்லை, நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா