பிலிம் ரோல் கெடுவது அதிர்ஷ்டத்தால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரணில் கிடந்த பிலிம் கேமராவைத் தூசி தட்டி எடுக்கும் இளைஞர்களை தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் கழுவி வந்த ரோலில் 36 படங்களில் பாதி கெட்டிருந்தால், "பிலிம்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அதை ஏற்க முடியவில்லை. பெரும்பாலான பிழைக்குக் காரணம் நெகட்டிவிலேயே எழுதியிருக்கிறது.

பிலிமின் விளிம்பில் கம்பெனியே பதித்துத் தரும் ஓர எண்கள் தெளிவாக இருந்து படம் ஒன்றுகூட விழாவிட்டால், பெரும்பாலும் பிலிம் நகரவே இல்லை. லோடு செய்ததும் பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளுங்கள். பிலிமைத் திருப்பிச் சுற்றும் ரீவைண்ட் குமிழும் கூடவே சுழல வேண்டும். ஓர எண்ணும் இல்லையென்றால் தவறு கழுவியதில். நெகட்டிவில் எல்லாப் படமும் மெலிந்து வெளிறியிருந்தால், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைச் சந்தேகியுங்கள். 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்த பல பழைய கேமராக்களில் இன்று 1.5 வோல்ட் போடுகிறோம். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும்; அதை நம்பி எடுத்தால் பிலிமில் ஒளி குறைவாக விழுந்து, பிரிண்ட் இருண்டுபோகும்.

வீட்டில் கறுப்பு வெள்ளை கழுவுவோருக்கு நம் ஊர் வெயில்தான் பெரிய எதிரி. படத்தை வெளிக்கொணரும் மருந்தான டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் டெவலப்பரில் வைக்கும் நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே இறங்கி, படம் திட்டுத் திட்டாக வரும். ஐஸை மருந்தில் போடாதீர்கள், நீர்த்துவிடும். பாட்டில்களை ஐஸ் தண்ணீர் பேசினில் நிறுத்துங்கள். 20-க்கு வராவிட்டால் 24 போதும். எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமுக்கு டி-76 என்ற டெவலப்பரைச் சரிபாதி தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம், 24-ல் சுமார் 8. படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்; சூடு ஏறினால் ஜெலட்டின் உப்பி இளகி, நகம் பட்டாலே கீறும். போர்வெல் தண்ணீரின் உப்பு காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகப் படியும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்குங்கள்.

வெளியூர் லேபுக்கு அனுப்பினால் படத்தைப் பார்க்க நாளாகும். அதற்குள் எந்தப் படத்துக்குக் கேமராவில் என்ன அளவு வைத்தோம் என்பது மறந்துவிடும். அதனால் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு அவசியம். நம் மாவட்டங்களின் நடுகற்களையே எடுத்துப் பாருங்கள்: காலைச் சாய்வெயிலில் வீரனின் வாளும் வில்லும் புடைத்துத் தெரியும், உச்சிவெயிலில் கல்லோடு கல்லாய்த் தட்டையாகிவிடும். ஒரே கல்லை மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி (இருமடங்கு ஒளி) ஒன்று, குறைத்து (பாதி ஒளி) ஒன்று என மூன்று எடுத்து, "எண் 14, காலை 7, எஃப் 8, 125" என்று படத்தின் எண், நேரம், லென்ஸ் துவார அளவு, ஷட்டர் வேகம் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிலிமில் படம் எடுக்கும் நண்பர்கள்,
தருமபுரி.