ஜிடி சைக்கிளின் பெயரைக் கையில் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

நெதர்லாந்தைச் சேர்ந்த போன் குழுமத்தின் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம்.

2024 டிசம்பரில், உங்கள் வசமுள்ள அமெரிக்கச் சைக்கிள் பெயரான ஜிடியின் நிர்வாகம் புதிய மாதிரிகளின் வெளியீட்டை நிறுத்திவைப்பதாகவும், கையிருப்பை விற்றுத் தீர்க்கப்போவதாகவும், ஆட்களைக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தது. அடியோடு இழுத்து மூடுகிறோம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஆகவே ஜிடி மறுபடியும் தலையெடுக்க வேண்டுமா, எடுத்தால் எந்த உருவில் எடுக்க வேண்டும் என்பது நீங்கள் இனி முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றே எடுத்துக்கொள்கிறேன். மண் தடத்தில் குதித்து ஓட்டும் சிறுசக்கரப் பிஎம்எக்ஸ் சைக்கிள்களின் பழைய ஃபிரேம்களைச் செப்பனிட்டு மீண்டும் தெருவில் ஓடவிடும் வேலையில் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் அந்த முடிவைக் குறித்துச் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன். இம்மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வருகிறது. இங்கே தெற்குக் கலிபோர்னியாவில் பிள்ளைகளைப் பந்தயத் தடத்துக்கு அழைத்து வரும் தமிழ்ப் பெற்றோர் பலர் இருப்பதால், அவர்களும் அறியட்டும் என்று தமிழிலும் வெளியிடுகிறேன்.

கனடாவின் டோரல் நிறுவனத்திடமிருந்து அதன் சைக்கிள் பிரிவை 81 கோடி டாலருக்கு வாங்குவதாக 2021 அக்டோபரில் நீங்கள் அறிவித்தீர்கள்; 2022 ஜனவரியில் வாங்கி முடித்தீர்கள். அந்த ஒரே கொள்முதலில் ஷ்வின், மங்கூஸ், ஜிடி என்ற மூன்று பெயர்களும் உங்களிடம் வந்து சேர்ந்தன. கேனன்டேல் என்ற பெரிய பெயரும் உடன் வந்ததால், இந்த மூன்றும் சேர்ந்து வந்ததன் பொருளை அப்போது பலரும் கவனிக்கவில்லை. பிஎம்எக்ஸ் என்ற விளையாட்டு பிறந்த கதையின் முதல் மூன்று அத்தியாயங்களும் இன்று ஒரே உரிமையாளரிடம் இருக்கின்றன என்பதுதான் அதன் பொருள்.

முதல் அத்தியாயம் ஷ்வினுடையது. 1963இல் வெளிவந்த ஸ்டிங்ரே சைக்கிளில் 20 அங்குலச் சக்கரம், உயர்ந்த ஹேண்டில்பார், நீண்ட இருக்கை எல்லாம் இருந்தன. ஆனால் மண்ணில் குதித்துப் பாய்வதற்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை. மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டும் மோட்டோகிராஸ் வீரர்களைப் பார்த்து ஏங்கிய கலிபோர்னியச் சிறுவர்கள்தாம் அதைக் காலி மனைகளுக்கு ஓட்டிச் சென்று மேடுகளில் பறக்கவிட்டார்கள். 1970இல் லாங் பீச் நகரத்துக் காலி மனையொன்றில் தன்னையொத்த சிறுவர்களுக்குப் பந்தயம் நடத்தத் தொடங்கிய ஸ்காட் பிரைட்ஹாப்ட்டுக்கு அப்போது வயது 13. பெரியவர்கள் ஏற்படுத்திக் கொடுக்காத விளையாட்டு இது. பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துக்கொண்டது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் அதற்கு வருகிறேன்.

அந்தக் குதிப்புகளில் முதலில் வளைந்தது சக்கரம். ஆரக்கம்பிகள் அறுந்தன, ரிம் கோணியது. கார்ப் பந்தய உலகிலிருந்து வந்த ஸ்கிப் ஹெஸ் 1970களின் நடுவில் அலுமினியக் கலவையில் வார்த்தெடுத்த மோட்டோமேக் சக்கரம் அந்தக் குறையைத் தீர்த்தது. அதன் விற்பனையில் எழுந்ததுதான் மங்கூஸ். சக்கரம் தாங்கிய பிறகு ஃபிரேம் தாங்கவில்லை. இங்கேதான் ஜிடி வருகிறது.

கேரி டர்னர், நேர்த் தடத்தில் குறுந்தூரம் பாயும் டிராக் பந்தயக் கார் ஓட்டியவர், அவற்றின் குழாய்ச் சட்டகங்களைத் தன் கையால் பற்றவைத்தவர். 1970களின் தொடக்கத்தில் தன் மகனுக்குப் பந்தய சைக்கிள் தேவைப்பட்டபோது, கார்களுக்குப் பயன்படுத்திய அதே 4130 குரோமோலிக் குழாயை எடுத்து வீட்டுக் கொட்டகையில் ஒரு ஃபிரேமைக் கட்டினார். சாதாரண எஃகுடன் சிறிதளவு குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த கலவை அது. வலிமை கூடுவதால் குழாயின் சுவரை மெல்லியதாக வைக்கலாம், எடை குறையும். தடத்தில் அந்த ஃபிரேமைப் பார்த்த மற்றப் பெற்றோரும் தங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று கேட்டார்கள். பிறகு சைக்கிள் கடை நடத்திவந்த ரிச்சர்ட் லாங் அவருடன் கைகோத்தார். 1979இல் டர்னரின் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி ஜிடி நிறுவனம் உருவானது. கட்டத் தெரிந்த ஒருவரும் விற்கத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தார்கள். அந்தச் சேர்க்கையே ஜிடியின் முழு வரலாறு என்று சொன்னாலும் மிகையாகாது.

பழைய ஜிடி ஃபிரேம் ஒன்று என் மேசைக்கு வரும்போது நான் முதலில் பார்ப்பது பெயிண்டையோ ஸ்டிக்கரையோ அன்று. ஃபிரேமின் முன்முனையில் ஹேண்டில்பார் திரும்பும் குழாயான ஹெட் ட்யூபுக்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து மெதுவாகத் தடவிப் பார்ப்பேன். முன்சக்கரம் மோதி இறங்கிய ஃபிரேம்களில் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அலை ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். மலிவான எஃகில் செய்த ஃபிரேம்களில் அதை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல குரோமோலியில் ஒழுங்காகப் பற்றவைத்தவற்றில் 40 ஆண்டு அடி வாங்கிய பின்னும் விரல் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்து, பின்சக்கர அச்சு உட்காரும் பிளவைப் பார்ப்பேன். சங்கிலியை இறுக்க ஒரு சிறுவன் எத்தனையோ முறை நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்திருப்பான். நட்டின் பற்கள் கடித்த வளையத் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே பதிந்திருக்கும். உங்கள் நிறுவனத்தின் பாரம்பரியம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் காட்டக்கூடியது இந்த இரண்டு இடங்களைத்தான்.

1980களின் நடுப்பகுதியில் பந்தயத்தை ஒட்டி ஃப்ரீஸ்டைல் என்ற வித்தைக் கலை வளர்ந்தபோது, ஸ்கேட் பூங்காக்களில் பெயர் பெற்ற எடி ஃபியோலா ஜிடிக்காக ஓட்டினார்; டைனோ என்ற பிஎம்எக்ஸ் வணிகப் பெயரை உருவாக்கிய பாப் மொராலெஸ் அதை ஜிடியிடம் விற்றார். வளைந்த கீழ்க்குழாயுடன் வந்த ப்ரோ பெர்ஃபார்மர் என்ற ஜிடி மாதிரி அந்தக் காலத்துக்குரியது. ஓட்டுபவரின் தேவையைக் கேட்டு ஃபிரேமின் வடிவத்தை மாற்றும் பழக்கம் அன்றைக்கு அங்கே இருந்தது.

அதன் பின் நடந்தவற்றை நீங்கள் நன்கு அறிவீர்கள். 1996 ஜூலையில் கலிபோர்னியாவின் பிக் பேரில் நடந்த மலை சைக்கிள் பந்தயத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ரிச்சர்ட் லாங் விபத்தில் இறந்தார். 1998இல் ஷ்வினின் உரிமையாளர்கள் ஜிடியை வாங்கினார்கள், 2001இல் இரண்டும் சேர்ந்தே திவாலாயின, பசிபிக் சைக்கிள் நிறுவனம் எடுத்துக்கொண்டது, 2004இல் அது டோரலிடம் போனது, டோரலிடமிருந்து உங்களிடம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெயர் பத்திரமாக வந்து சேர்ந்தது. வரைபடங்கள், சோதனைக் குறிப்புகள், எந்த ஆண்டில் எந்த ஃபிரேமை எந்தக் குழாயில் செய்தார்கள் என்ற பதிவுகள் ஆகியவையும் அதே கவனத்துடன் வந்து சேர்ந்தனவா என்பதே என் கவலை.

ஜிடியை மீண்டும் உயிர்ப்பிக்க இதற்கு முன் முயற்சியே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பாரம்பரிய வரிசை என்ற பெயரில் 29 அங்குலச் சக்கரத்துடன் ப்ரோ பெர்ஃபார்மர் வந்தது. அன்று சிறுவராக இருந்து இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் அதை ஆசையோடு வாங்கினார்கள். அதில் தவறொன்றுமில்லை. எஸ்இ என்ற மற்றொரு பிஎம்எக்ஸ் நிறுவனம் பிகே ரிப்பர் என்ற தன் பழைய மாதிரியின் முட்டைவடிவக் குழாயை 29 அங்குலச் சக்கரத்துக்குப் பொருத்தி வெளியிட்ட பிக் ரிப்பர், பெருநகர இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓட்டும் புதிய பழக்கத்தோடு சேர்ந்து பரவியது. பழைய வடிவத்தைப் புதிய தலைமுறை தன் விருப்பப்படி எடுத்துக்கொண்டது அது. ஸ்டிங்ரேக்கு நடந்ததைப் போலவே நடந்தது. என் குறை வேறு. பாரம்பரியம் என்று பெயரிட்ட சைக்கிள்களில் பேச்செல்லாம் நினைவுகளை வாங்கும் பெரியவர்களிடமே நடந்தது. இந்த விளையாட்டை உருவாக்கிய வயதிலுள்ள பிள்ளைக்கு அதே பெயரில் கிடைத்தது பெரும்பாலும் மலிவு எஃகில் செய்த தொடக்கநிலை சைக்கிள்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், ஜிடி மீண்டும் வருமானால் 20 அங்குலச் சக்கரத்தோடு வரட்டும். முழுவதும் குரோமோலியில் வரட்டும். இன்றைய பந்தயத் தடத்தில் அலுமினியமும் கார்பனும் ஆட்சி செய்கின்றன, அங்கே எஃகால் போட்டியிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஃப்ரீஸ்டைல் இன்றும் குரோமோலியில்தான் நடக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அது பதக்கப் போட்டியாகவே ஆகிவிட்டது. ஜிடிக்குப் பொருத்தமான களம் அது. பழைய அளவுகளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் அங்கில்லை. ஓட்டுவதற்கென்று செய்யும் ஃபிரேமில் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் கிராங்க் (பெடல் பொருந்தும் கை) அளவும் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) அளவும் இருக்கட்டும். பேரிங் தேய்ந்தால் ஒரு பிள்ளை தன் ஊரிலேயே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும்.

பழமையை அப்படியே மீட்டுச் செய்யும் பதிப்புகளை அதிலிருந்து தனியே பிரித்து வையுங்கள். அவற்றில் ஒற்றைத்துண்டுக் கிராங்க் பொருந்தும், ஃபிரேமின் அடியிலுள்ள அகன்ற கூடும் ஒரு அங்குலத் திருகு ஹெட்செட்டும் அப்படியே இருக்கட்டும். குறைந்த எண்ணிக்கையில், முன்பதிவின் பேரில் செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் செய்த ஆண்டை ஆழமாகப் பொறித்துவிடுங்கள். ஸ்டிக்கரில் அச்சிட்டால் போதாது; அதை உரித்துவிட்டு 1985இல் செய்ததென்று விற்பவர்கள் இருக்கிறார்கள், நம்பி வாங்கி ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதேபோல எந்தெந்தக் குழாய் குரோமோலி, எந்தெந்தக் குழாய் சாதாரண எஃகு என்பதை ஒளிவுமறைவின்றி எழுதுங்கள். முன்பகுதி மூன்று குழாய்களை மட்டும் குரோமோலியில் செய்துவிட்டு, பெரிய எழுத்தில் குரோமோலி என்று போடும் பழக்கம் இத்தொழிலில் நெடுநாளாக இருக்கிறது. டர்னரின் முதலெழுத்துகளைத் தாங்கும் ஃபிரேமில் அது கூடாது.

இரண்டாவது வேண்டுகோளுக்குப் பெரிய செலவு பிடிக்காது. உங்களிடம் எஞ்சியிருக்கும் பழைய வரைபடங்களையும், பட்டியல் நூல்களையும், வரிசை எண் பதிவுகளையும் எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வையுங்கள். இன்று ஒரு ஃபிரேமின் வயதை அறிய, அதில் பொறித்த எண்ணை வைத்துக்கொண்டு சேகரிப்பாளர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். அன்றைய தொழிற்கூடங்களில் வேலை செய்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. ஷ்வின், மங்கூஸ் பதிவுகளும் உங்களிடம் இருக்குமானால், மூன்றையும் ஒரே இடத்தில் தொகுக்கும் வாய்ப்பு உங்களைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது.

மூன்றாவது, உதிரிபாகங்கள். கலிபோர்னியாவின் ரெடிங் நகரில் ஸ்கைவே நிறுவனம் தன் பழைய நைலான் டஃப் சக்கரங்களை இன்றும் வார்த்து விற்பதால்தான் எத்தனையோ பழைய சைக்கிள்கள் அருங்காட்சிப் பொருளாகாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜிடியின் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) ஹேண்டில்பாரும் அதைப் பிடிக்கும் ஸ்டெம்மும் அப்படிக் கிடைக்க வழி செய்யலாம். நீங்களே செய்ய விருப்பமில்லையென்றால், தரத்தை வரையறுத்து, சிறு பற்றவைப்புக் கூடங்களுக்கு உரிமம் கொடுங்கள். இந்தப் பகுதியில் அத்தகைய வேலையைத் திறம்படச் செய்யக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவை எதுவும் உங்களுக்கு உகந்ததாக இல்லையெனில் இறுதியாக ஒன்று கேட்கிறேன். ஜிடி என்ற பெயரைப் பெரிய அங்காடிகளின் மலிவு சைக்கிள்களில் ஒட்டுவதற்கென்று யாருக்காவது விற்பதற்கு முன், டர்னர் குடும்பத்தாரையும் அந்நாளில் ஜிடிக்காக ஓட்டியவர்களையும் அழைத்து ஒருமுறை பேசுங்கள். வாங்க முன்வருபவர் தரத்தைக் காப்பதாக எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். மேலே சொன்ன பதிவுகள் உங்கள் வசம் உண்டா, அவை எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்ற கேள்விக்கு மட்டுமாவது விரைவில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெற்குக் கலிபோர்னியாவில் பழைய சைக்கிள்களைச் செப்பனிடும் தமிழன்