சனிக்கிழமை ஆட்டம்: யார் வருகிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. இரவு மூன்று மணிக்கு விழித்திருந்து இங்கிலீஷ் கால்பந்து லீக் பார்க்கிறோம், சிங்கப்பூரில் வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கும் லீக்கை மட்டும் மறந்துவிடுகிறோம்! இந்த சனிக்கிழமை நம்மூர் லீக் அணியான தெம்பனிஸ் ரோவர்ஸ் ஆட்டத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். இடம் தெம்பனிஸ் ஹப் திடல், 5,000 இருக்கைதான். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

புதியவர்களுக்காக: நம் லீக் 1996இல் எஸ்-லீக் என்று தொடங்கியது, 2018இல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் ஆனது. 2024-25 பருவம் மே முதல் அடுத்த மே வரை நீண்டது. ஒன்பது அணிகள், ஆளுக்கு 32 ஆட்டம், லயன் சிட்டி செய்லர்ஸ் வாகை சூடியது. பிறகு தஞ்சோங் பகார் யுனைடெட் விலகியதால் 2025-26இல் எட்டு அணிகள், மூன்று சுற்று, 21 ஆட்டம். மூன்று சுற்று என்றால், இரண்டு அணிகள் மூன்று முறை மோதும்போது ஓர் அணிக்குச் சொந்தத் திடலில் இரண்டு வாய்ப்பு, எதிரணிக்கு ஒன்றுதான். எனக்கு இது சரியாகப் படவில்லை. கடைசியில் வந்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் பயமும் கிடையாது, அதனால் கடைசி வாரங்களில் கீழ்வரிசை அணிகளின் ஆட்டம் கொஞ்சம் சோர்ந்துவிடும்.

சரி, வருபவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள், நுழைவுச்சீட்டைச் சேர்த்தே வாங்கிவிடுவோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் ஆட்டம் நிற்கும், குடை உதவாது. மேற்கூரை உள்ள பக்கத்திலேயே உட்காருவோம். சாப்பாடு ஆட்டம் முடிந்த பிறகு.