நாலு அட்டை மாத்திரை

உ
காரைக்குடி

அன்புள்ள மகன் தம்பிக்கு,

அப்பச்சி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆத்தாவும் நானும் நலம். அம்மான் கருமாதி முடிந்து நீ சிங்கப்பூருக்கு விமானம் ஏறிய பிறகு துட்டி கேட்க வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அயித்தை இன்னும் முகப்புப் பக்கம் வரவில்லை. ஆத்தாதான் தினமும் போய் நாலு வாய் சாப்பிட வைத்துவிட்டு வருகிறாள். மழைக்கு இரண்டாம் கட்டு ஓடு ஒழுகுகிறது, கொத்தனாருக்குச் சொல்லியிருக்கிறேன். ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

போனில் அம்மான் பேச்சை எடுத்தாலே "வேலை இருக்கு அப்பச்சி" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

ஊரெல்லாம் "திடீர்னு போயிட்டாக" என்கிறார்கள். திடீரென்று போகவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கே மேல்வயிறு அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டுச் சாப்பாடு, வாயு என்று எல்லாருமாக முடிவு கட்டிவிட்டார்கள். ஓமத்தண்ணீர், அப்புறம் சோடா, அப்புறம் இஞ்சிச் சாறு. சட்டை நனைகிற அளவு வேர்த்தபோது ஃபேனைக் கூட்டி வைத்தார்களே தவிர 108-ஐக் கூப்பிடவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஈசிஜி எடுத்தபோது இதயத்தின் அடிச்சுவருக்கு ரத்தம் நின்று ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள். திருப்பத்தூர் தாண்டும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

ஏன் வாயு மாதிரித் தெரிந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதயத்தின் அடிப்பக்கம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தின் மேல்தான் இருக்கிறது; அதற்கு நேர் கீழே இரைப்பை. அந்தப் பக்கத்து ரத்தக்குழாய் அடைத்தால் நெஞ்சு வலிக்க வேண்டும் என்றில்லை. மேல்வயிறு கனக்கும், குமட்டும், ஏப்பமும் வரும். ஏப்பம் வந்ததும் "இறங்குது" என்று மனசு ஆறிப்போகும். பல வருஷம் சர்க்கரை இருந்தவர்களுக்கு நரம்பு மரத்துப்போய் வலியே தெரியாமல் வெறும் வேர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். குழாய் முழுக்க அடைத்தால் அரை மணி நேரத்திலேயே இதயத் தசை சாகத் தொடங்கிவிடும். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பன்னிரண்டு மணி நேரம் வரை போடுவார்கள் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் கிடைக்கிற பலன் அப்புறம் கிடைக்காது. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் கட்டுவதைத் தடுக்கிற ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கிற அடர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். வழியில் போகிற நேரம்கூட வீணாகக் கூடாது என்பதற்குத்தான் அது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. அம்மானுக்கு எட்டு வருஷமாக பிரஷர், டெல்மிசார்டன் 40 சாப்பிட்டு வந்தார். ஆடியில் பார்த்தபோது 120/80 என்று வந்ததும் "சரியாயிடுச்சு" என்று தானாக நிறுத்தியிருக்கிறார். மாத்திரை சாப்பிட்டதால்தான் அந்த 120. நிறுத்தினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறுவது ஆளுக்குத் தெரியாது. தலை வலித்தால்தான் பிரஷர் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதை நம்பிக் கெட்டவர்கள் அதிகம்.

பதினாறு நாளும் நீ நின்று காரியம் நடத்தியதை ஊரே பேசுகிறது. அம்மான் மகன் சின்னப் பையன், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பந்தல்காரரிலிருந்து சமையல்காரர் வரை நீதான் பார்த்தாய். எனக்கு அதில் பெருமை உண்டு, சொல்லாமல் இருக்க முடியாது. ஆத்தாவுக்கு பிரஷர் மிஷின் வாங்கி வந்து, கைப்பட்டையை எப்படிச் சுற்ற வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாய். "நீ பாத்தியாப்பா?" என்று அவள் கேட்டதும் ட்யூபைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். அதையும் நான் பார்த்தேன்.

போன மாதம் ஆத்தாவிடம் "சர்க்கரை வெறும் வயித்துல ஒன்பதுதான் ஆத்தா" என்று சொல்லியிருக்கிறாய். இங்கே 110, 140 என்றே கேட்டுப் பழகியவள், ஒன்பது என்றதும் சந்தோஷப்பட்டு பிள்ளையார்பட்டிக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு. பதினெட்டால் பெருக்கினால் நம் ஊர் மில்லிகிராம் கணக்கு வரும். 9 × 18 = 162. வெறும் வயிற்றில் 100-க்குள் இருக்க வேண்டும். 126, அதாவது உன் ஊர்க் கணக்கில் 7, இன்னொரு நாள் பார்த்தும் அப்படியே வந்தால் அது சர்க்கரை நோய். கணக்கு உனக்குத் தெரியும். ஆத்தாவுக்குத் தெரியாது என்பதும் உனக்குத் தெரியும். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

நம் மருந்துக் கடையில் வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்தேன். நீ கிளம்பிய அன்றைக்குப் பையன் எழுதி வைத்திருக்கிறான்: "சின்ன முதலாளி, பேன்டோபிரசோல் 40, நாலு அட்டை." இரைப்பை அமிலத்துக்கான மாத்திரை. அட்டைக்குப் பதினைந்து, மொத்தம் அறுபது மாத்திரை. ஒருநாள் கோழி வறுவலுக்கு யாரும் இரண்டு மாத மாத்திரை எடுத்துப் போகமாட்டார்கள். காசு பற்றிய பேச்சில்லை, கடையே உன்னுடையதுதான். எதற்கு என்று மட்டும் கேட்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், குனிந்தால் எரிகிறதா? புளிப்புத் தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறதா? அப்படியானால் அமிலமாக இருக்கலாம். அதற்கும் அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், எரியும்போது போட்டுப் பயனில்லை. படி ஏறும்போது, எம்ஆர்டி ரயில் பிடிக்க வேகமாக நடக்கும்போது, மூட்டை தூக்கும்போது வருகிறதா? நின்றால் ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடுகிறதா? தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ போகிறதா? அப்படியானால் அது இரைப்பை இல்லை. பேன்டோபிரசோல் அமிலத்தைத்தான் குறைக்கும், அடைப்பைத் தொடாது. மாத்திரை போட்டபின் சரியானது போலத் தோன்றினால், அது நீ நின்று ஓய்வு எடுத்ததால் சரியானதாகவும் இருக்கலாம். இந்த ஒன்றில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

எப்போதாவது நெஞ்சு அழுத்தமோ மேல்வயிற்றுக் கனமோ வேர்வையோடு வந்து பத்து நிமிஷம் தாண்டினால் அங்கே ஆம்புலன்சுக்கு 995-ஐக் கூப்பிடு. டாக்ஸி பிடிக்காதே, நீயாக வண்டி ஓட்டாதே. ஆம்புலன்சிலேயே ஈசிஜி எடுத்துவிடுவார்கள், வழியில் இதயம் நின்றால் ஷாக் கொடுக்கிற மிஷினும் அதில் இருக்கும். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொள், நடமாடாதே. ஆஸ்பிரின் போடலாமா என்று போனில் பேசுகிறவரிடமே கேள். போடச் சொன்னால் 300 மில்லிகிராமை மென்று விழுங்கு, முழுசாக விழுங்கினால் ரத்தத்தில் சேர நேரமாகும். ஒவ்வாமை இருப்பவர்களுக்கும் வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிகிறவர்களுக்கும் அது ஆகாது. பக்கத்து அறைக்காரர் நாக்கடியில் வைக்கும் மாத்திரை தந்தால் வாங்காதே. பிரஷர் இறங்கியிருக்கும் நேரத்தில் அது ஆளைச் சாய்த்துவிடும். இந்த ஐந்தாறு வரியை உன் அறையில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டு.

இப்போது செய்ய வேண்டிய சோதனைகள். எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் காலையில் ரத்தம் கொடு. தண்ணீர் குடிக்கலாம், கோப்பி கூடாது. சர்க்கரையோடு ஹெச்பிஏ1சி கேள். அது மூன்று மாதச் சராசரி, முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. 6.5-ஓ அதற்கு மேலோ என்றால் சர்க்கரைதான். கொழுப்பு முழு விவரம், சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இதெல்லாம் கூடவே பார்த்துவிடலாம். லிப்போபுரோட்டீன் ஏ என்று ரத்தத்தில் ஒரு வகைக் கொழுப்பு இருக்கிறது. பரம்பரையாக வருவது, மருந்து சாப்பாட்டால் பெரிதாக மாறாது, அதனால் வாழ்நாளில் ஒருதடவை பார்த்தால் போதும். ஆயா வீட்டு ஐயாவும் ஐம்பது தாண்டாதவர், இப்போது அம்மான். அதனால் இதை விடாமல் கேட்டு எடு. இருவரும் என்ன வயதில், எதனால் போனார்கள் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல். படுத்தபடி எடுத்த ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு நிம்மதி அடையாதே. நடக்கும்போது தெரியும் குறை படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜியில் தெரியாமல் போகும். ட்ரெட்மில் வேண்டுமா, சி.டி. வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

பிரஷர் மிஷின் ஒன்று உனக்கும் வாங்கு. கைப்பட்டை உன் கைக்குச் சரியான அளவாக இருக்க வேண்டும், சின்னப் பட்டை கூடுதலாகக் காட்டும். அரை மணி நேரத்துக்குள் கோப்பியோ சிகரெட்டோ கூடாது. (சிகரெட் பற்றி நான் கேட்கவில்லை.) சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார். கால் மேல் கால் போடாதே. கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும், பட்டை சட்டைமேல் வேண்டாம். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிஷம் விட்டு எடு. ஏழு நாள் எழுதி வை. முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்டு. ஒருநாள் கூடியதற்குப் பயப்படவும் வேண்டாம், ஒருநாள் குறைந்ததற்குக் கொண்டாடவும் வேண்டாம். ஆத்தாவுக்கு இப்படித்தான் எழுதி வருகிறேன். 148/92 வருகிறது, டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார். அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். இடுப்பு அளவு 90 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப் சுற்றி, மூச்சை விட்டபின் பார். உப்பு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், எல்லாவற்றிலும் சேர்த்து. நம் வீட்டு ஊறுகாயும் உப்புக்கண்டமும் வத்தலும் அதை ஒருவேளையிலேயே தின்றுவிடும். அதனால் ஆத்தா கட்டி வைத்த பார்சலிலிருந்து அதையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டேன். கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் சர்க்கரைக்கு நல்லது என்று அவள் நினைக்கிறாள். சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிண்டியபின் எந்த அரிசியானாலும் ஒன்றுதான். அங்கே கோப்பிக் கடையில் 'கோப்பி ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சீனியும் இல்லாமல் தருவார்களாமே, அதைக் கேள். ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் படுக்காதே.

ரத்தம் கொடு, தம்பி. திரும்பத் திரும்ப இதையே எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆத்தாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

வருகிற சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டு வா. ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு, அலகு எழுதியிருக்கும் இடம் விட்டுப்போகாமல். மாத்திரை எழுதினால் அங்கேயே வாங்கு, கடையிலிருந்து அனுப்பச் சொல்லாதே. டோஸ் மாற்ற வேண்டியிருந்தால் எழுதிய டாக்டர்தான் மாற்ற வேண்டும். ஆத்தாவிடம் நீயே சொல், நான் சொன்னால் அவளுக்குப் பயம் கூடும்.

மேலே கேட்டதில் நடக்கும்போது வருகிறது, நின்றால் அடங்குகிறது என்றால் சனிக்கிழமைவரை காத்திருக்காதே. இன்றைக்கே போ. நாலு எட்டு வைத்தாலே வருகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறது என்றால் நேராக எமர்ஜென்சிக்குப் போ. போய்ச் சேர்ந்ததும் எந்த நேரமானாலும் போன் செய், நான் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பச்சி